50 சதவீதமா, 6 சதவீதமா, உண்மைக் கணக்கா: சேனல் வருமானத்துக்கு எந்த வழியில் வரி கட்டுவது?

திண்டுக்கல் பக்கம் யூடியூபில் சமையல் சேனல் நடத்தும் ஒரு தங்கை போன வாரம் போன் செய்தார். "அண்ணா, ஒரு ஆடிட்டர் 6 சதவீதம் லாபம் காட்டினாப் போதும்னு சொல்றார். இன்னொருத்தர் 50ன்னு சொல்றார். வீட்டுக்காரர் செலவை எல்லாம் எழுதி வச்சு உண்மையான கணக்கே காட்டலாம்னு சொல்றார். நான் யார் சொல்றதைக் கேக்கறது?" என்றார். இதே கேள்வி எனக்கு மாதத்துக்கு நான்கு முறையாவது வருகிறது. கேட்பவர்கள் யாரும் வரியை ஏய்க்க நினைப்பவர்கள் இல்லை. வழி தெரியாமல் நிற்பவர்கள்.

நான் ஆடிட்டர் இல்லை, ஈரோட்டிலிருந்து பயண வீடியோ போடுகிறேன். இந்த வழிகளில் இரண்டில் நானே போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதில் போன நண்பர்களோடு உட்கார்ந்து நோட்டீஸுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 2025-26 நிதியாண்டின் வருமானத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும், ஆடிட்டர் அலுவலகங்களிலும் 44ஏடி (6 சதவீத வழி), 44ஏடிஏ (50 சதவீத வழி) என்றுதான் பேசுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

## முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

முதலில் மொத்த வரவு. வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையை எழுதிவிட்டு இதுதான் வரவு என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பிராண்ட் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டு 90,000 அனுப்பினால் உங்கள் வரவு 1,00,000. யூடியூப் அமெரிக்க வரியாகப் பிடித்தது போக மீதியை அனுப்பினால், பிடித்ததும் சேர்ந்ததுதான் வரவு. ப்ரொமோஷனுக்கு வந்த மிக்ஸியையோ போனையோ திருப்பித் தராமல் நீங்களே வைத்துக்கொண்டால் அதன் விலையும் வரவு. ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாக வந்தால் 194ஆர் பிரிவின்படி அவர்கள் 10 சதவீதம் வரி கட்டிப் பதிவு செய்வார்கள். ரெவ்யூவுக்கு வந்த ஒரு போனை நான் மறந்தே போயிருந்தேன். வரித்துறையின் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தபோது அது தேதியோடும் விலையோடும் அங்கே உட்கார்ந்திருந்தது. ரிட்டர்ன் போடும் முன் அந்த அறிக்கையையும், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸையும் இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது உண்மையான செலவு எவ்வளவு, அதில் பில் கையில் இருப்பது எவ்வளவு. இரண்டும் வேறு வேறு எண்கள், இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். அப்புறம், சம்பளமோ வாடகையோ போல வேறு வருமானம் உண்டா? கடைசியாக, இரண்டு மூன்று ஆண்டுக்குள் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருக்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை, பல நேரம் முடிவை மாற்றுவது இதுதான்.

| | 44ஏடிஏ (50 சதவீதம்) | 44ஏடி (6 சதவீதம்) | உண்மைக் கணக்கு |
|---|---|---|---|
| யாருக்கு | பட்டியலில் உள்ள தொழில்முறைப் பணியாளர்கள் | வியாபாரம் செய்பவர்கள் | எவரும் |
| காட்ட வேண்டிய லாபம் | வரவில் பாதி, அல்லது அதற்கு மேல் | வங்கி வழி வரவில் 6, ரொக்கத்தில் 8 சதவீதம், அல்லது அதற்கு மேல் | வரவு கழித்தல் செலவு |
| வரவு உச்சவரம்பு | 50 லட்சம். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் | 2 கோடி. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி | இல்லை |
| கணக்குப் புத்தகம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |
| முன்வரித் தவணை (ஆண்டு முடியுமுன்பே கட்டும் வரி) | மார்ச் 15, ஒரே தவணை | மார்ச் 15, ஒரே தவணை | ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் |
| நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக | முடியாது | முடியாது | 8 ஆண்டு வரை முடியும் |
| வழி மாறினால் | தடை இல்லை | 5 ஆண்டுக்குத் திரும்ப முடியாது | தடை இல்லை |

## 44ஏடிஏ: பாதியை லாபமாகக் காட்டுவது

யூடியூபர் இந்தப் பிரிவுக்குள் வருவாரா என்பதில் பல ஆண்டுகள் குழப்பம் இருந்தது. மருத்துவர், வக்கீல், இன்ஜினியர், திரைக்கலைஞர் என்று சட்டம் தரும் பட்டியலில் நம் பெயர் இல்லை. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2024-25 வருமானத்துக்கான) ஐடிஆர்-3, ஐடிஆர்-4 ரிட்டர்ன் படிவங்களில் சமூக ஊடக இன்ஃப்ளுயன்சர்களுக்கு 16021 என்ற தனி எண் வந்தது. 16 என்று தொடங்கும் எண்கள் தொழில்முறைப் பணிகளுக்கானவை. துறை நம்மை எந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சேனல்காரர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

தங்கையின் கணக்கையே எடுப்போம். ஆட்சென்ஸ் (கூகுள் தரும் விளம்பரப் பணம்) 11 லட்சம், ப்ரொமோஷன் ஆறரை லட்சம், பொருளாக வந்தது 50,000. மொத்தம் 18 லட்சம். வேறு வருமானம் இல்லை. 44ஏடிஏவில் பாதி, அதாவது 9 லட்சம்தான் வரிக்குரிய வருமானம். புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி கிடைப்பதால் வரி பூஜ்யம். பிடித்த டிடிஎஸ் முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பும். வீட்டுக்காரர் சொல்வதுபோல உண்மைக் கணக்குக்குப் போனால்? தங்கைக்கு ஆன செலவு 5 லட்சம். லாபம் 13 லட்சம். வரி 75,000, செஸ் சேர்த்து 78,000.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். சேனல் ஒன்றே வருமானம், மொத்த வரவு 24 லட்சத்துக்குள் என்றால், உங்கள் செலவு வரவில் 80 சதவீதமே ஆனாலும் உண்மைக் கணக்கு எழுதி மிச்சப்படுத்த வரி என்று ஒன்று இல்லை. இந்தத் தலைவலி 24 லட்சத்துக்கு மேல்தான் தொடங்குகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. சம்பளக்காரர் சனி ஞாயிறில் சேனல் நடத்தினால் பாதி லாபம் சம்பளத்தோடு சேரும். 12 லட்சத்தைத் தாண்டியதும் வரி வரும். வீட்டுக்கடன் தரும் வங்கி ரிட்டர்னில் காட்டிய வருமானத்தைத்தான் பார்க்கும். 18 லட்சம் சம்பாதித்தவர் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, 9 லட்சம்தான் கண்ணில் படும். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பிருந்தே 50க்கு மேல், உண்மை லாபத்துக்கு அருகில் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அமெரிக்க வரி விஷயமும் இங்கேதான் வருகிறது. தமிழ்ச் சேனல்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் பார்வை கணிசமாக வரும். அந்தப் பார்வைகளில் வந்த வருமானத்தில், டபிள்யூ-8பென் (நான் அமெரிக்கர் இல்லை என்று தெரிவிக்கும்) படிவம் கொடுத்திருந்தால் இந்தியர்களுக்கு 15 சதவீதம் பிடிக்கிறார்கள். படிவம் கொடுக்காவிட்டால் உலகம் முழுவதும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகலாம். ஆட்சென்ஸ் கணக்கில் அதை நிரப்பிவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள். பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ள 67ஆம் படிவம் வேண்டும். ஐடிஆர்-4இல் அதைக் கழிக்க வழியில்லை. 44ஏடிஏ வழியிலேயே இருந்தாலும் ஐடிஆர்-3தான் போட வேண்டும். இங்கே உங்கள் வரி பூஜ்யம் என்றால் கழிக்க எதுவும் இல்லை, அந்த அமெரிக்க வரி போனது போனதுதான்.

## 44ஏடி: 6 சதவீதம்

கேட்கும்போது இதுதான் இனிக்கிறது. 18 லட்சத்தில் 6 சதவீதம் 1,08,000. வரி பூஜ்யம். ஆனால் தங்கைக்கு 50 சதவீதம் காட்டினாலும் வரி பூஜ்யம்தானே? ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாத இடத்தில் எதற்கு இந்த ஆபத்து? அதோடு, மாதம் 9,000 ரூபாய் சம்பாதிக்கிறவர் என்று ரிட்டர்ன் சொல்லும். அதே ஆண்டு 3 லட்சத்துக்கு நகை வாங்கியிருந்தால் எந்தப் பணத்தில் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

24 லட்சத்துக்கு மேல் போனால் ஆசை பெரிதாகும், ஆபத்தும் பெரிதாகும். 40 லட்சம் வரவு என்று வையுங்கள். 50 சதவீதத்தில் லாபம் 20 லட்சம், செஸ்ஸோடு வரி 2,08,000. 6 சதவீதத்தில் ஒன்றுமில்லை. நீங்கள் தொழில்முறைப் பணியாளர், வியாபாரி இல்லை என்று துறை முடிவு செய்தால் அந்த 2,08,000ஐ வட்டியோடு கட்ட வேண்டும். குறைத்துக் காட்டியதற்கு அபராதம் அந்த வரியில் பாதி. தவறான தகவல் தந்தீர்கள் என்று முடிவானால் இரு மடங்கு. 44ஏடி பிரிவே தொழில்முறைப் பணியாளர்களையும், கமிஷன் வருமானம் உள்ளவர்களையும் வெளியே வைக்கிறது. அஃபிலியேட் லிங்கில் (நீங்கள் தரும் இணைப்பு வழியே யாராவது பொருள் வாங்கினால்) வருவது கமிஷன்தான். அதை இங்கே கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள்.

இது யாருக்குப் பொருந்தும் என்றால், பொருள் விற்பவர்களுக்கு. சேனலை வைத்து ஊறுகாய், மசாலா, சேலை விற்பவர் வியாபாரிதான், அவருக்கு 6 சதவீதம் நியாயமான கணக்கு. சேனல் பணமும் ஊறுகாய்ப் பணமும் ஒரே ஆளுக்கு வந்தால் 44ஏடி கிடைக்குமா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. பிரிவின் வாசகம் தொழில்முறைப் பணியாளரையே வெளியே வைப்பதால், அந்த இடத்தில் எழுத்துபூர்வமாக ஆலோசனை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தால் அந்த ஆலோசனை சொல்வதும் எளிது.

## உண்மைக் கணக்கு: ஐடிஆர்-3

இந்த வழியில் நான் ஓர் ஆண்டு போனேன். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி, 2025-26 வரி விகிதங்களில் வைத்துச் சொல்கிறேன். வரவு 30 லட்சம், செலவு 21 லட்சம். 50 சதவீதத்தில் லாபம் 15 லட்சம், செஸ்ஸோடு வரி 1,09,200. உண்மையில் லாபம் 9 லட்சம்தான், வரியே இல்லை. லட்ச ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக அட்டைப்பெட்டியைத் திறந்தேன்.

ஏப்ரலில் போட்ட பெட்ரோல் பில்கள் எல்லாம் வெள்ளைக் காகிதமாகிவிட்டிருந்தன. சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் பில் ஒரு கோடைக்குக் கூடத் தாங்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெட்ரோல் பங்கின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, லிட்டரும் ரூபாயும் இல்லை. மலைக்கிராமத்தில் தங்கிய வீடுகளில் பில்லே கிடையாது. எடிட்டர் தம்பிக்கு ஒரு தடவை அவசரத்துக்கு 15,000 ரொக்கமாகக் கொடுத்தேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைச் சட்டம் ஏற்காது. நவம்பரில் 2 லட்சத்துக்கு வாங்கிய கேமராவை முழுச் செலவாக எழுதியிருந்தேன். கேமராவுக்குத் தேய்மானம் 15 சதவீதம், ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதி. 2 லட்சத்தில் கழிக்கக் கிடைத்தது 15,000 ரூபாய். கம்ப்யூட்டருக்கு மட்டும் 40 சதவீதம் உண்டு.

எல்லாம் கழிந்து நிற்கக்கூடிய செலவு 17 லட்சம். லாபம் 13 லட்சம், வரி 78,000. மிச்சம் 31,200 ரூபாய்தான். அதற்கு மேல் இன்னொன்று வந்தது. 44ஏடிஏவுக்குத் தகுதியுள்ளவர் 50 சதவீதத்துக்குக் குறைவாக லாபம் காட்டி, மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், கணக்கைத் தணிக்கை செய்தே ஆக வேண்டும். புதிய திட்டத்தில் அந்த வரம்பு 4 லட்சம். வரவு 50 லட்சத்தைத் தாண்டினால்தான் ஆடிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது தவறு. தணிக்கைக் கட்டணமும் கணக்கு எழுதியவருக்குக் கொடுத்ததும் போக மிச்சம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே 44ஏடிஏவுக்குத் திரும்பினேன். அந்தப் பிரிவில் ஐந்தாண்டுப் பூட்டு இல்லை என்பது அப்போதுதான் பெரிய நிம்மதியாகத் தெரிந்தது.

அதற்காக இது மோசமான வழி என்று சொல்லமாட்டேன். குழு வைத்து நடத்துபவர், சம்பளம், ஸ்டூடியோ வாடகை எல்லாம் வங்கி வழியே கொடுப்பவர், செலவு 65, 70 சதவீதம் ஆகிறவர், வரவு 24 லட்சத்தை நன்றாகத் தாண்டியவர், இவர்களுக்கு உண்மைக் கணக்குத்தான் நியாயம். 75 லட்சம் தாண்டியவருக்கு வேறு வழியும் இல்லை. முதல் ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொண்டு நட்டத்தில் இருப்பவருக்கும் இதுவே நல்லது. கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நட்டத்தை வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழிக்கலாம். வேறு வருமானம் எதுவும் இல்லாமல் லாபம் 4 லட்சத்துக்குள் நின்றால் தணிக்கையும் வேண்டாம்.

பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். கணக்கு ஆவணங்களை மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின்னும் 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

## ஜிஎஸ்டி: இது தனிக் கணக்கு

"எனக்குத்தான் வரி பூஜ்யமாச்சே, ஜிஎஸ்டி எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. வருமான வரி லாபத்தைப் பார்க்கிறது, ஜிஎஸ்டி மொத்த வரவைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் சேவைக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். ஆட்சென்ஸ் வெளிநாட்டுப் பணம், அதைச் சேர்க்க வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, ஏற்றுமதியும் அந்த 20 லட்சத்தில் சேரும். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்தபின் ஆட்சென்ஸுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. வங்கி அறிக்கையில் பணம் அனுப்பியவராகச் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது சேவை ஏற்றுமதி, வரி பூஜ்யம். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிப்பத்திரத்தை ஆன்லைனில் போட வேண்டும். மறந்தால் 18 சதவீதம் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும். உள்ளூர் ப்ரொமோஷனுக்கு 18 சதவீதம் போட்டு பில் கொடுக்க வேண்டும்.

வரம்புக்குள் இருக்கும்போதே விரும்பிப் பதிவு செய்யலாமா? உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. பெரிய பிராண்ட் நீங்கள் போடும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும், அவர்களுக்கு நட்டமில்லை. பல ஏஜென்சிகள் ஜிஎஸ்டி எண் இல்லாதவரோடு பேசவே தயங்குகின்றன. ஊரிலிருக்கும் சின்ன நகைக்கடையும் பிரியாணிக் கடையும் "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, பத்தாயிரம்னா பத்தாயிரம்தான்" என்பார்கள். அந்த 18 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் ப்ரொமோஷன் பெரும்பாலும் உள்ளூர்க் கடைகள் என்றால் வரம்பு தாண்டும்வரை பதிவு வேண்டாம். பெரிய பிராண்டுகள், அதோடு லட்சக்கணக்கில் கேமரா, லேப்டாப் வாங்கும் திட்டம் என்றால் முன்கூட்டியே பதிவு செய்வது லாபம். 1,18,000 ரூபாய்க் கேமராவில் 18,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பும்.

சேவைக்கான 6 சதவீதக் காம்போசிஷன் திட்டத்தை (18க்குப் பதில் குறைந்த விகிதத்தில் ஜிஎஸ்டி கட்டும் வழி) சிலர் பரிந்துரைப்பார்கள். வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சேவை தருபவருக்கு அது கிடையாது. ஆட்சென்ஸ் வருகிறது என்றாலே அந்தக் கதவு மூடிவிட்டது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை முன்பே பேசி வையுங்கள். பதிவுக்கு வாடகை ஒப்பந்தமோ வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமோ, அதோடு சொத்து வரி ரசீதோ ஈபி பில்லோ கேட்பார்கள். தன் வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி என்றதும் பல உரிமையாளர்கள் பயப்படுவார்கள். 30 நாள் கெடு ஓடும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் கஷ்டம். பதிவுக்குப் பிறகு வரவே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய், வரவு இல்லாத ரிட்டர்னுக்கு 20.

## கம்பெனி தொடங்கலாமா?

தனி ஆளுக்கு வேண்டாம் என்பதே என் பதில். எல்எல்பிக்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, 12 லட்சத் தள்ளுபடி இல்லை, 44ஏடிஏவும் இல்லை. பிரைவேட் லிமிடெட்டில் 22 சதவீத விகிதம் கிடைக்கும், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168. ஆனால் வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம், லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் இன்னொரு முறை வரி. இருவர் மூவர் கூட்டாகச் சேனல் நடத்தி, நாளைக்குப் பங்கைப் பிரிப்பதில் சண்டை வரக்கூடாது என்றாலோ, முதலீட்டாளர் வருகிறார் என்றாலோ கம்பெனியைப் பற்றிப் பேசலாம்.

திண்டுக்கல் தங்கை 44ஏடிஏ போடுகிறார், 16021 எண்ணில், ஐடிஆர்-4இல். அமெரிக்காவில் பிடித்தது சில ஆயிரம்தான், இங்கே வரியே இல்லாததால் அதைத் துரத்தவில்லை. அடுத்த ஆண்டு வீடு கட்டக் கடன் கேட்கும் எண்ணம் இருப்பதால் 9 லட்சத்துக்குப் பதில் 11 லட்சம் லாபம் காட்டச் சொன்னேன். 12 லட்சத்துக்குள்தான் இருக்கிறது, வரி அப்போதும் பூஜ்யம். ஜிஎஸ்டிக்காகச் சமையலறை ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வரவைக் கூட்டி எழுதி வருகிறார், 19 லட்சத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைத் தொடும் மாதம் வாடகை வீட்டின் உரிமையாளர் அம்மாவிடம் சம்மதக் கடிதம் வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்வார்.